வெளுத்ததெல்லாம் பால் அல்ல

பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்குவது. உள்ளே இருக்கும் மண்ணிற அலுமாரிகளுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற் அடிப்பது. தரைக்கு மரம் மாதிரித் தெரியும் வினைல் ஒட்டுவது. நாலு குஷன், ஒரு பிளாஸ்ரிக் செடி, ஒரு மின்விளக்குச் சரம். பிறகு படம் எடுத்துப் போடுவது. இதற்குத்தான் இப்போது "புதுப்பித்தல்" என்று பெயர். யூரியூப்பில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் வயதுக்காரரும் தூரிகையோடு கிளம்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இந்த வருடம் மூன்று பேர்.

நான் இதற்கு எதிரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் ஒரு பஸ் கராஜில் 28 வருடம் பஸ்களின் உடலைத் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மழைத் தண்ணீர் எந்த வழியால் உள்ளே வருகிறது என்று தேடித்தான் என் சம்பளத்தில் பாதியை உழைத்தேன். 1993ஆம் ஆண்டு கட்டிய பழைய மோட்டர்ஹோம் ஒன்று 11 வருடமாக என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் கோர்ன்வோலுக்கும் மனைவியும் நானும் அதில்தான் போய் வருகிறோம். ஆகவே இது வேலியில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிற கதை இல்லை.

எங்கள் ஆட்கள் பழையதைத் தேடுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். புதியது வாங்குவதென்றால் 60, 70 ஆயிரம் பவுண் வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, கலியாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடித்து, பென்சனோடு கையில் வருகிற மொத்தப் பணத்தில் அது கட்டாது. அதனால் 25, 30 வருடம் ஓடியதைப் பார்க்கிறோம். அதில் பிழை இல்லை. நல்ல பழைய வாகனம் இன்னும் 15 வருடம் ஓடும். ஆனால் அதன் உள்ளே கை வைப்பதற்கு முன் அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாரதி இருக்கும் பகுதிக்குப் பின்னால் தனிப் பெட்டி கட்டி ஏற்றிய வகையை இங்கே கோச்பில்ற் என்கிறார்கள். 1980களிலும் 90களிலும் இந்த நாட்டில் கட்டிய அந்த வகையில் பெரும்பாலானவற்றின் சுவர் இப்படித்தான் இருக்கும்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள் மென்மரச் சட்டங்கள். சட்டங்களுக்கு இடையே பொலிஸ்ரைரீன். உள்பக்கம் 3 மில்லிமீற்றர் பிளைவூட், அதன் மேல் பூப்போட்ட கடதாசியோ வினைலோ. மொத்தத் தடிப்பு ஓர் அங்குலம் சொச்சம். அந்த மரச் சட்டம்தான் எலும்பு. மற்றதெல்லாம் தோல்.

கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் மூலைகளில் மாஸ்ரிக் என்ற பசையைப் பூசி, மேலே அலுமினியக் கீற்று வைத்துத் திருகாணி அடித்திருப்பார்கள். யன்னல்களும், கூரைத் திறப்பும், வெளியே வெயில்சீலை மாட்டும் தண்டவாளமும் இதே மாதிரித்தான். அந்தப் பசை வருடங்கள் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். வாகனம் ஓடும்போது பெட்டி அசையும். திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீரை முதலில் குடிப்பது மரச் சட்டம். உள் பலகை கடைசியில்தான் நனையும். அதாவது, உள்ளே சுவரில் ஒரு மஞ்சள் கறை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறபோது, மறைவில் இருக்கும் சட்டம் ஏற்கெனவே பல மாரி கண்டிருக்கும்.

அந்தக் கறைதான் சாட்சி. வெள்ளைப் பெயின்ற் அந்தச் சாட்சியின் வாயைக் கட்டுகிறது. நான் கோபப்படுவது இதற்குத்தான்.

ஊரில் ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரிக்கு முன் முகட்டில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவோம். அதற்குப் பிறகுதான் சுவருக்குச் சுண்ணாம்பு. ஓட்டை மாற்றாமல் சுண்ணாம்பு அடிக்கிறவனை ஊர் சிரிக்கும். இங்கே மட்டும் அதே வேலையைச் செய்கிறவருக்கு ஆயிரக்கணக்கில் கைதட்டல் கிடைக்கிறது.

தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு 68 வயது, மனைவிக்கு 66. போன வருடம் 19,000 பவுண் கொடுத்து ஒரு வாகனம் வாங்கினார்கள். விற்றவர் தனியாள். "முழுக்கப் புதுப்பித்தது" என்று விளம்பரம். என்னைக் கூப்பிட்டுக் காட்டும்போது, "அண்ணை, உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ, ஹோட்டல் அறை மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், அப்படித்தான் இருந்தது. நான் பின் யன்னலுக்குக் கீழே இருந்த குஷனை எடுத்துவிட்டுப் பெருவிரலால் சுவரை அமத்தினேன். தேத்தண்ணியில் ஊறின பிஸ்கற் மாதிரி விரல் உள்ளே போனது. பின்பக்க இரண்டு மூலைகளும், சாரதிக்கு மேலே இருக்கும் படுக்கையின் அடியும் அதே நிலை. திருத்துவதற்கு 7,000 பவுண் கேட்டார்கள். விற்றவருக்குப் போன் எடுத்தால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற ஒரே பதில். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. தான் தைத்து மாட்டியிருந்த திரைச்சீலைகளைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் கொஞ்சமாவது கை கொடுக்கும். பிழை இருந்தது என்று காட்டினால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாளிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்னது உண்மைக்கு மாறானது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பெயின்ற் பேசாது. ஆகவே அவர் பொய் "சொல்லவில்லை".

இன்னும் ஒன்று. எம்.ஓ.ரி பாஸ் ஆகிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அந்தச் சோதனை பிரேக், விளக்கு, ரயர், அடிச்சட்டம் எல்லாம் பார்க்கும். அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் சட்டம் உக்கிவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. குடியிருக்கும் பகுதிக்கென்று தனிச் சோதனை இருக்கிறது, ஹபிற்றேஷன் செக் என்பார்கள். வாங்க முன் அதைச் செய்வியுங்கள். அல்லது 20, 30 பவுணுக்கு ஓர் ஈரமானி வாங்கி நீங்களே மூலை மூலையாகக் குத்திப் பாருங்கள். 15க்குக் கீழே காட்டினால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் தண்ணீர் வரும் வழியைத் தேட வேண்டும். 30ஐத் தாண்டினால் மரம் உக்கத் தொடங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கத்தைப் பென்சிலால் அந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு திரும்பவும் பாருங்கள். இலக்கம் ஏறியிருந்தால் தூரிகையைக் கீழே வையுங்கள்.

ஒழுக்கைத் திருத்துவது என்றால் மேலால் சிலிக்கன் பூசுவது இல்லை. அது தண்ணீரை உள்ளேயே அடைத்து வைக்கும். பிறகு அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. கீற்றைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். உள்ளே பலகையைத் திறந்து, மரத்தை வாரக்கணக்கில் காயவிட்டு, உக்கிய துண்டை வெட்டிப் புதுச் சட்டம் பொருத்த வேண்டும். பார்க்க அழகான வேலை இல்லை. ஆனால் புதுப்பித்தல் என்றால் அதுதான்.

அடுத்த விஷயம் நிறை. வீடியோக்களில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

என் வாகனத்தைப் போன்ற பழையவற்றில் பலவற்றுக்கு எல்லாம் ஏற்றிய பிறகு 3,000 கிலோவைச் சுற்றித்தான் அனுமதி. நாங்கள் இரண்டு பேர், தண்ணீர், காஸ், உடுப்பு, சாப்பாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் நிறுவைப்பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். மிச்சம் இருந்தது 110 கிலோ. இப்போது கணக்குப் பாருங்கள். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகை ஒன்று ஏறக்குறைய 40 கிலோ. "பழைய அலுமாரி மெலிசாக இருக்கு, உறுதியாகச் செய்வோம்" என்று அப்படி மூன்று பலகை உள்ளே போனால் 120 கிலோ. முடிந்தது கதை. அந்தப் பழைய அலுமாரி மெலிசாக இருந்ததற்குக் காரணம் செய்தவனின் கஞ்சத்தனம் இல்லை. அவன் ஒவ்வொரு கிலோவையும் எண்ணியிருக்கிறான். 15 மில்லிமீற்றர் பொப்லர் பிளைவூட் என்றால் அதே அளவுப் பலகை 20 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். எம்.டி.எஃப் ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடிய நிறையோடு மறித்துப் பிடித்தால் அபராதம் மட்டும் இல்லை, மேலதிகத்தை இறக்கும்வரை ஓட விடமாட்டார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் தேடும் சாட்டும் இதுதான். "அப்ப கூடின நிறை எடுக்கிற பெரிய வாகனமா வாங்குவம்" என்று ஒருவர் சொன்னார். 83க்குப் பிறகு வந்து, 1997க்கு முன் இங்கே லைசன்ஸ் எடுத்த எங்களுக்கு 3,500 கிலோவுக்கு மேற்பட்டதையும் ஓட்டும் உரிமை இருக்கிறது, உண்மை. ஆனால் 70 வயதில் லைசன்ஸைப் புதுப்பிக்கும்போது, டொக்டரின் பரிசோதனைப் படிவத்தோடு விண்ணப்பித்தால்தான் அந்த உரிமை தொடரும். சாதாரண முறையில் புதுப்பித்தால் அது போய்விடும். 1997க்குப் பிறகு லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கோ அந்த உரிமை தொடக்கத்திலேயே இல்லை. பெரிய வாகனத்தை வாங்கிவிட்டு 70இல் யார் ஓட்டுவது?

மூன்றாவது, மூச்சு. பழைய வாகனத்தின் தரையிலும் சுவரின் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள், கம்பிவலை போட்ட துளைகள் இருக்கும். குளிர்காற்று வருகிறது என்று அவற்றின் மேல் வினைல் ஒட்டுகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. எங்காவது கசிந்தால் தண்ணீர் மாதிரிக் கீழே வடிந்து தரையில் தேங்கும். அது வெளியே போகத்தான் அந்தத் துளை. காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர்க் கிராதியும் அப்படித்தான். அதை மறைத்துப் புதுப் பலகை அடித்தால் அது எரித்த புகைக்குப் போக இடமில்லை. காபன் மொனொக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருக்கிறவரை எழுப்பாது. சில பவுணுக்கு ஓர் எச்சரிக்கை மணி விற்கிறது. பிளாஸ்ரிக் செடிக்கு முன்னால் அதை வாங்குங்கள். காஸ் குழாயில் கை வைப்பதென்றால், மோட்டர்ஹோம் காஸ் வேலைக்குத் தகுதி உள்ள, காஸ் சேஃப் பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். மருமகன் கெட்டிக்காரன்தான். ஆனாலும் அவரை விட்டுவிடுங்கள்.

இருக்கைகளையும் சொல்ல வேண்டும். "மேசையைச் சுத்தி ப வடிவத்தில போட்டா பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கலாம்" என்று பெல்ற் உள்ள இருக்கையைக் கழற்றி எறிகிறார்கள். நிற்கும்போது எல்லோரும் இருக்கலாம், சரி. ஓடும்போது? பிளைவூட் பெட்டியில் திருகாணியால் முடுக்கிய பெல்ற், பெல்ற் இல்லை. அது அலங்காரம். அடிச்சட்டத்தோடு முறையாகப் பொருத்தாத இருக்கையில் ஒரு குழந்தையையும் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, எங்கள் உடம்பு. அந்த வீடியோப் பிள்ளைகளுக்கு 28 வயது. அவர்களுக்கு வாசல் கைப்பிடி அசிங்கம். குளிக்கும் மூலை இடத்தை அடைக்கிறது. படுக்கை கூரைக்குக் கிட்ட ஏணியில் இருந்தாலும் சுகம். எங்களுக்கு முழங்கால் இருக்கிறது, அதைவிட இரவில் மூன்று தரம் எழும்ப வேண்டியும் இருக்கிறது. இரண்டு மணிக்கு இருட்டில் ஏணியால் இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்புதான் போகும். கைப்பிடியைக் கழற்றாதீர்கள், இன்னொன்று கூடப் பூட்டுங்கள். வாசற்படிக்குக் கீழே இன்னொரு படி வையுங்கள். கழிவறையை எடுத்துவிட்டு உடுப்பு அலுமாரி வைக்காதீர்கள். கதவுகளின் பழைய அமத்துப் பூட்டுகளையும் விட்டுவிடுங்கள். வளைவில் திரும்பும்போது கோப்பைகளெல்லாம் தலையில் விழாமல் இருப்பது அந்த அசிங்கமான பூட்டால்தான். காந்தப் பூட்டு வீட்டுக் குசினிக்குச் சரி.

இவ்வளவும் சொன்னால், "பழசைக் கட்டிப்பிடிச்சு அழுற கிழவன்" என்று சிலர் சொல்வார்கள். இன்னும் சிலர், "எங்கட காசு, எங்கட வாகனம், எங்கட விருப்பம்" என்பார்கள். இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

நான் எதையும் மாற்றாதவன் இல்லை. மெத்தைகளின் நுரையை முழுதாக மாற்றினேன். இந்த நாட்டில் தளபாடத் தீப்பாதுகாப்பு விதிகள் வந்தது 1988இல். அதற்கு முந்திய நுரை என்றால் யோசிக்காமல் எறியுங்கள். புதிதாக வெட்டுவிப்பதும் அந்தத் தரத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 10 வாட் ஹலஜன் விளக்கு இருந்த இடங்களில் 2 வாட் எல்.ஈ.டி போட்டேன். பற்றரி இப்போது இரண்டு இரவு கூடத் தாங்குகிறது. திரைச்சீலை மனைவியின் தெரிவு. குசினிக் கதவுகளுக்கு நானே பச்சைப் பெயின்ற் அடித்தேன். ஆனால் அதற்கு முன் முழுதாக ஒரு மாரிகாலம் ஈரமானியோடு திரிந்து, ஒழுக்கு இல்லை என்று உறுதி செய்தேன். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உரஞ்சி, அடிப்பூச்சுப் பூசி, அதன் மேல்தான் பச்சை. காப்புறுதிக்காரருக்குச் சொல்ல வேண்டிய மாற்றங்களையும் எழுதி அனுப்பினேன். வரிசை அப்படித்தான்: ஒழுக்கு, நிறை, காற்று, இருக்கை, கைப்பிடி. அதற்குப் பிறகு எந்த நிறமும் அடியுங்கள். ஊதாவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

"எங்கட காசு" என்கிறவர்களுக்கு: வாகனம் உங்களோடு முடிவதில்லை. ஐந்து வருடத்தில் நீங்கள் விற்பீர்கள். வாங்கப் போகிறவரும் எங்களைப் போல ஒருவராக இருப்பார். வாழ்நாள் முழுக்க இரவு வேலை செய்து சேர்த்த காசோடு வருவார். உங்கள் வெள்ளைச் சுவரை நம்பி அதற்குள் படுப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் சுவரை மூடுகிறீர்கள்.

ஆகவே ஒரு வழக்கத்தை நாங்களே கொண்டுவருவோம். சுவரைத் திறந்து திருத்துகிறவர், மூடுவதற்கு முன் படம் எடுத்து வைக்கட்டும். எந்த மூலை, எந்த மாதம், என்ன மரம் போட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வாகனத்திலேயே வைக்கட்டும். விற்கும்போது அந்தக் கொப்பியையும் கொடுக்கட்டும். வாங்கப் போகிறவர்கள் குஷனின் நிறத்தைப் பாராட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெள்ளை அடிக்க முன் எடுத்த படத்தைக் காட்டுங்கோ."

படம் இல்லை என்றால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுக் காசைப் பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.